கடைசியில் ஏற்றியது முதலில் இறங்கும்

சில வருடங்கள் கண்டெய்னர் கப்பல்களுக்கு ஸ்டோவேஜ் பிளான் போடும் வேலையில் இருந்தேன். எந்தப் பெட்டி கப்பலின் எந்த ‘பே’ என்ற குறுக்குப் பகுதியில், எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலை. கனமானது கீழே, லேசானது மேலே. ஆபத்தான சரக்குகள் ஒன்றுக்கொன்று தள்ளி. குளிர்பெட்டிகள் மின்இணைப்பு இருக்கும் இடத்தில். இவை எல்லாவற்றோடும் சேர்த்து எப்போதும் மனதில் ஓட வேண்டிய விதி ஒன்று உண்டு: முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும்.

சேர்ந்த இரண்டாவது வருடம் அந்த விதியில் தவறினேன். முதல் துறைமுகத்தில் இறங்க வேண்டிய ஒரு பெட்டியை ஹேட்ச் (சரக்கறை வாயில்) மூடிக்குக் கீழே வைத்துவிட்டு, அதே மூடியின் மேல் மூன்றாவது துறைமுகத்துக்குப் போகும் பதினொரு பெட்டிகளை அடுக்கிவிட்டேன். எடைக் கணக்கு சரியாக இருந்தது. கப்பல் சாயாமல் நிற்கும் ஸ்டெபிலிட்டி கணக்கும் சரியாக இருந்தது. கப்பலும் கிளம்பிவிட்டது. ஆறாம் நாள் தொலைபேசி வந்தது. அந்த ஒரு பெட்டிக்காகப் பதினொன்றையும் கரையில் இறக்கி, மூடியைத் தூக்கி, பெட்டியை எடுத்து, மறுபடி பதினொன்றையும் ஏற்ற வேண்டியிருந்தது. கிரேனுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதல் வேலை. அந்த ஒரு மணி நேரத்தில் ஓதம் இறங்கி, கப்பல் வெளியேற ஆழம் போதாமல் போய்விட்டது. அடுத்த ஓதத்துக்குக் காத்திருந்ததில், அடுத்த துறைமுகத்தில் ஒதுக்கியிருந்த பெர்த் (கப்பல் வந்து நிற்கும் இடம்) வேறு கப்பலுக்குப் போய்விட்டது. மொத்தம் இரண்டரை நாள் தாமதம். இதற்கு எங்கள் தொழிலில் ஓவர்ஸ்டோ என்று பெயர்.

சரக்குக் கப்பலில் இதனால் போவது பணமும் நேரமும்தான். போருக்குப் போகும் கப்பலில் இதே தவறு நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எனக்குள் அன்றைக்கு ஆரம்பித்தது. அப்புறம் பல வருடங்களாகக் கடற்படைகளின் வரலாற்றை அந்த ஒரு கேள்வியோடுதான் படித்துவருகிறேன். துப்பாக்கி சுட்டவர்களைப் பற்றிய பக்கங்களை வேகமாகத் தள்ளிவிடுவேன். யார் எதை எங்கே ஏற்றினார்கள் என்று வரும் பக்கங்களில் நின்றுவிடுவேன்.

அப்படி நின்ற முதல் இடம், முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலி. 1915 மார்ச் 18-ஆம் தேதி டார்டனெல்ஸ் நீரிணையைப் போர்க்கப்பல்களால் மட்டுமே உடைத்துப் போகும் முயற்சி தோற்றது. இனி தரைப்படையை இறக்கியாக வேண்டும். பிரிட்டிஷ் படைத்தலைவர் இயான் ஹாமில்டன் வந்து சேர்ந்துவிட்டார். பிரிட்டனிலிருந்து 29-ஆவது டிவிஷனும் கப்பல்களில் வந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் கப்பல்களை ஏற்றியவர்கள், ஒழுங்கான துறைமுகம் ஒன்றில் நிதானமாக இறங்கப்போகும் படைக்கு ஏற்றுவதுபோல ஏற்றியிருந்தார்கள். வண்டிகள் ஒரு கப்பலில், அவற்றை இழுக்கும் குதிரைகள் இன்னொன்றில். பீரங்கி ஓரிடம், குண்டு வேறிடம். எதிரி சுடும் கரையில் இறங்கும்போது பீரங்கி, குதிரை, குண்டு, ஆள் எல்லாம் ஒரே படகுவரிசையில் வந்தாக வேண்டும்.

அருகில் இருந்த லெம்னோஸ் தீவின் மூட்ரோஸ் விரிகுடாவில் இறக்கி ஏற்றலாம் என்றால் அங்கே போதிய ஜெட்டி இல்லை, தண்ணீரும் போதவில்லை. ஆகவே கப்பல்கள் எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியாவுக்குத் திரும்பின. அங்கே எல்லாவற்றையும் கரையில் கொட்டி, புதிதாக அடுக்கி, திரும்பி வந்து தரையிறங்கியபோது ஏப்ரல் 25. இடையில் ஐந்து வாரங்களுக்கு மேல் ஓடிவிட்டன. மார்ச் கடைசி வாரத்தில் எதிர்ப்பக்கம் துருக்கியப் படைக்குப் பொறுப்பேற்ற ஜெர்மன் தளபதி லிமான் ஃபான் சாண்டர்ஸ், கிடைத்த அந்த நான்கு வாரத்தில் பாதைகள் போட்டார், படைகளை மாற்றி நிறுத்தினார், கரைகளில் முள்வேலி இழுத்தார். கலிப்போலியின் தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனாலும் ஒரு ஸ்டோவேஜ் பிளானராக எனக்கு அந்த வாரங்கள் உறுத்திக்கொண்டே இருக்கின்றன. இங்கிலாந்தின் துறைமுகத்தில் யாரோ ஒருவர் வண்டியையும் குதிரையையும் பிரித்து எழுதிய அன்றைக்கே அவற்றில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விட்டது.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் விளக்க வேண்டும். படைச் சரக்கை ஏற்றுவதில் இரண்டு முறை உண்டு. ஒன்று வணிக முறை. கப்பலின் ஒவ்வொரு கன அடியும் நிரம்ப வேண்டும், ஒரே வகைப் பொருள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும், எண்ணி எடுக்க எளிதாக இருக்க வேண்டும். இன்னொன்று காம்பாட் லோடிங். இதில் திட்டம் கடற்கரையிலிருந்து பின்னோக்கி வரும். முதல் அலையில் இறங்கும் வீரர்களோடு அவர்களுடைய தோட்டா, தண்ணீர், மருத்துவப் பொருள், வயர்லெஸ் எல்லாம் ஹேட்ச் வாயிலிலேயே இருக்க வேண்டும். இரண்டாம் அலைக்குரியது அதற்குக் கீழே. பத்தாம் நாள் தேவைப்படுவது அடித்தளத்தில். ஒரு ஜீப் தனியாக வந்து பயனில்லை. ஓட்டுநர், பெட்ரோல், அது இழுக்க வேண்டிய பீரங்கி எல்லாம் அதே கப்பலில் இருக்க வேண்டும். இப்படி அடுக்கினால் நிறைய இடம் வீணாகும். வணிக முறையில் ஒரு கப்பலில் போகும் சரக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல்கள் வேண்டியிருக்கும். கப்பல் பற்றாக்குறை எப்போதும் உண்டு என்பதால், எதைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி உடனே எழும். காம்பாட் லோடிங்கில் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏற்றும் பட்டியலைவிட விடும் பட்டியலைப் போடுவதற்குத்தான் துணிவு வேண்டும்.

அந்தப் பட்டியலை மழையில் நனைந்துகொண்டே போட்டவர்கள் 1942-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் இருந்தார்கள். அமெரிக்காவின் முதல் மரீன் டிவிஷன் ஜூன் மாதம் அங்கே வந்து சேரத் தொடங்கியது. 1943 தொடக்கம் வரை சண்டை இருக்காது, பயிற்சிக்கு நேரம் இருக்கிறது என்றுதான் அதன் தலைவர் வாண்டெகிரிஃப்ட் நம்பியிருந்தார். ஆகவே கப்பல்கள் வணிக முறையில் ஏற்றப்பட்டு வந்திருந்தன. ஜூன் கடைசியில் உத்தரவு வந்தது: சாலமன் தீவுகளில் குவாடல்கனாலில் தரையிறங்க வேண்டும். கையில் சில வாரங்களே இருந்தன. டிவிஷனின் இரண்டாம் பகுதி வெலிங்டனுக்கே ஜூலை 11-ஆம் தேதிதான் வந்தது. ஜூலை 22-ஆம் தேதி எல்லாரும் கடலில் இருந்தாக வேண்டும்.

அயோட்டியா ஜெட்டியில் கப்பல்களைக் காலி செய்து, பிரித்து, திரும்ப ஏற்றினார்கள். துறைமுகத் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்படவில்லை. மரீன்களே ஷிஃப்ட் போட்டு இரவும் பகலும் மூட்டை தூக்கினார்கள். தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலம், மழை விடவே இல்லை. அட்டைப்பெட்டிகள் நனைந்து பிரிந்தன. உள்ளே இருந்த காலை உணவுத் தானியமெல்லாம் ஜெட்டி முழுவதும் கூழாகக் கிடந்தது. பெட்டி என்னவென்று சொல்லும் காகிதச் சீட்டுகளும் கரைந்துபோயின. 90 நாள் பொருளோடு போக வேண்டிய படை, 60 நாள் பொருளோடு போவது என்று முடிவானது. கூடாரம், கனரக வாகனம், சொந்த மூட்டைகள் என்று நிறையக் கரையிலேயே நின்றன.

ஆகஸ்ட் 7 அன்று தரையிறங்கியபோது எதிர்ப்பு மிகக் குறைவு. இறங்கிய படை உள்ளே போய்விட்டது. ஆனால் கரையில் பெட்டிகளைத் தூக்கி நகர்த்தப் போதிய ஆட்கள் இல்லை. கடற்கரை நிரம்பி வழிந்தது. படகுகள் இறக்க இடமில்லாமல் வரிசையில் காத்து நின்றன. கப்பலிலிருந்து இறக்குவதையே நிறுத்தும் நிலை வந்தது. கப்பலுக்குள் வரிசை சரியாக இருந்தாலும் போதாது. மணலில் எடுத்துவைக்கும் கைகளின் எண்ணிக்கையும் திட்டத்தில் வர வேண்டும். நானும் என் பிளானில் பலமுறை கிரேனின் வேகத்தைக் கணக்கிட்டிருக்கிறேன். கரையில் அதை வாங்கிக்கொண்டு போகும் லாரிகளின் எண்ணிக்கையைக் கேட்டறிந்தது குறைவு.

அடுத்த இரவு சாவோ தீவருகே நடந்த சண்டையில் நேசநாடுகள் நான்கு பெரிய குரூஸர் போர்க்கப்பல்களை இழந்தன. விமானம்தாங்கிகள் ஏற்கெனவே விலகத் தொடங்கியிருந்தன. பாதுகாப்பு இல்லாத சரக்குக் கப்பல்கள் ஆகஸ்ட் 9 மாலை கிளம்பிவிட்டன, பாதிச் சரக்கு இன்னும் வயிற்றிலேயே இருக்க. கரையில் இருந்த மரீன்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இறங்கினார்கள். அதிலும் ஒரு பகுதி ஜப்பானியர் விட்டுச்சென்ற அரிசி. விமான ஓடுதளத்தைக் கட்டி முடிக்கவும் ஜப்பானியர் விட்டுப்போன ரோலர்களும் லாரிகளும்தான் உதவின. ஆகஸ்ட் 20 அன்று முதல் போர்விமானங்கள் அதில் வந்து இறங்கின. எனக்கு இதில் பெரிதாகப் படுவது வெலிங்டன்தான். அந்த மழையில் முதலில் வேண்டியதை மேலே வைத்து அடுக்காமல் இருந்திருந்தால், இரண்டரை நாளில் கரைக்கு வந்த அந்தப் பாதிச் சரக்கில் எது இருந்திருக்கும், எது இருந்திருக்காது என்று யோசித்துப் பாருங்கள்.

நாற்பது வருடம் கழித்து இதே கதை இன்னோர் இடத்தில் நடந்தது. 1982 ஏப்ரல் 2-ஆம் தேதி அர்ஜென்டினா ஃபாக்லாந்து தீவுகளில் இறங்கியது. ஏப்ரல் 5-ஆம் தேதியே பிரிட்டனின் விமானம்தாங்கிகள் ஹெர்மிஸும் இன்வின்சிபிளும் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பிவிட்டன. மூன்று நாள்! 8,000 கடல் மைல் தொலைவுக்குப் போகும் படையை மூன்று நாளில் கிளப்பியது பெரிய சாதனைதான், சந்தேகமில்லை. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு விலை இருந்தது. கிடைத்ததைக் கிடைத்த கப்பலில் போட்டுக்கொண்டு போனார்கள். எங்கே, எப்படித் தரையிறங்குவது என்பது அப்போது முடிவாகியிருக்கவே இல்லை. இறங்கும் இடம் தெரியாமல் இறக்கும் வரிசையைப் போட முடியாது.

நல்லவேளையாகப் பாதி வழியில் அசென்ஷன் தீவு இருந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் எரிமலைக் கல் மேடு, நல்ல நீளமான ஓர் ஓடுதளம். துறைமுகம் கிடையாது. கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்க, ஹெலிகாப்டர்களும் படகுகளும் கப்பலுக்குக் கப்பல் சரக்கை மாற்றின. ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் மே தொடக்கம் வரை அந்த வேலை நடந்தது. பிரிட்டனிலிருந்து விமானத்தில் வந்து குவியும் பொருள்கள் வேறு சேர்ந்துகொண்டன. அலெக்ஸாண்ட்ரியா, வெலிங்டன், அசென்ஷன் மூன்றும் என் மனதில் ஒரே இடமாகத்தான் இருக்கின்றன. அவசரமாகக் கிளம்பியவர்கள் வழியில் நின்று, மூச்சுவாங்கி, அடுக்கைத் திருத்திக்கொண்ட இடங்கள். திட்டம் போடுகிறவர் அந்த நிறுத்தத்தையும் முன்கூட்டியே கணக்கில் வைத்தால் அது தாமதமாகாது.

ஃபாக்லாந்தில் நடந்த இன்னொன்று எனக்கு வேறொரு பாடம் சொன்னது. போருக்காக எடுத்துக்கொண்ட வணிகக் கப்பல்களில் அட்லாண்டிக் கன்வேயர் ஒன்று. கண்டெய்னர்களும் வாகனங்களும் ஏற்றும் கப்பல், எனக்குப் பழக்கமான வகை. அதில் பெரிய சினூக் ஹெலிகாப்டர்கள், சிறிய வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள், ஆயிரக்கணக்கானவர்களுக்கான கூடாரங்கள், ஓடுதளம் அமைக்கும் பொருள்கள் எல்லாம் இருந்தன. மே 21-ஆம் தேதி படை சான் கார்லோஸில் இறங்கிவிட்டது. மே 25-ஆம் தேதி எக்சோசெட் ஏவுகணைகள் அந்தக் கப்பலைத் தாக்கின. 12 பேர் இறந்தார்கள், கப்பலின் கேப்டனும் அவர்களில் ஒருவர். மூன்று சினூக்குகளும் ஆறு வெசெக்ஸ்களும் போயின. படையை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு தலைநகர் ஸ்டான்லியை நோக்கிப் போவது என்ற திட்டம் அன்றே கலைந்தது. வீரர்கள் முதுகில் சுமையோடு சதுப்பு நிலத்தில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நடந்தார்கள். அந்த நேரம் வானத்தில் இருந்ததால் தப்பிய ஒரே ஒரு சினூக், உதிரிபாகமும் கருவிகளும் கையேடுகளும் இல்லாமல் போர் முடியும்வரை பறந்தது. ஒரே பயணத்தில் 81 பேரைக்கூட அது சுமந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் 1942 ஆகஸ்டில் மால்டாவுக்குப் போன பெடஸ்டல் கான்வாய் (போர்க்கப்பல் காவலோடு போகும் சரக்குக் கப்பல் கூட்டம்) நினைவுக்கு வரும். முற்றுகையில் இருந்த தீவுக்கு 14 வணிகக் கப்பல்கள் போயின, ஐந்துதான் சேர்ந்தன. போகும் வழியில் பலவற்றை இழப்போம் என்று தெரிந்தே அனுப்பினார்கள். ஆகவே மாவு ஒரு கப்பல், வெடிமருந்து ஒரு கப்பல் என்று பிரிக்காமல், ஒவ்வொரு சரக்குக் கப்பலிலும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றினார்கள். எது மூழ்கினாலும், மீதி சேர்வதில் எல்லா வகையும் இருக்கும். பெட்ரோல் டின்னும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் இருந்தால் அடி விழும்போது என்ன ஆகும் என்பது அவர்களுக்கும் தெரியும். மாலுமிகளின் உயிரை அந்தத் தராசில் வைத்துத்தான் அந்தப் பட்டியலைப் போட்டிருக்கிறார்கள். பிரிக்க முடியாத ஒரே பொருள் எண்ணெய், அதற்கு ஓஹையோ என்ற ஒரே டேங்கர். முதுகெலும்பு முறிந்த நிலையில், இருபுறமும் டிஸ்ட்ராயர் போர்க்கப்பல்கள் கட்டித் தாங்கிப்பிடிக்க, அது ஆகஸ்ட் 15 அன்று துறைமுகத்துக்குள் வந்தது. அதில் 10,000 டன்னுக்கும் மேற்பட்ட எரிபொருள் இருந்தது.

1982-இல் இருந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. சினூக்கைத் தூக்கிச் செல்ல அகலமான தளம் வேண்டும், அப்படிப்பட்ட கப்பல் அப்போது எத்தனை கிடைத்திருக்கும்? ஆனால் பிரித்து ஏற்ற முடியாத சூழல் வரும்போது, அந்தக் கப்பல் போனால் அடுத்தது என்ன என்ற தாளையும் எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, எண்ணெய்க்கு வந்துவிட்டோம். கடற்படையை அனுப்புவதில் மற்றதெல்லாம் ஒரு பக்கம், எரிபொருள் ஒரு பக்கம். கப்பலின் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால், தேவைப்படும் இயந்திர சக்தி தோராயமாக 70 சதவீதத்துக்கு மேல் கூடும். அதே தூரத்தைச் சீக்கிரம் கடந்துவிடுவோம் என்பதைக் கழித்தாலும், ஒரு மைலுக்கு ஆகும் எண்ணெய் 40 சதவீதத்துக்கு மேல் அதிகம். ‘கொஞ்சம் வேகமாகப் போங்கள்’ என்று தலைமையகம் அனுப்பும் ஒரு வரிக்கு, வழியில் இன்னொரு டேங்கர் காத்திருக்க வேண்டும் என்று பொருள். அந்த டேங்கர் போர்க்கப்பலைவிட மெதுவானது. 4,000 கடல் மைலை 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தில் போகும் கப்பல் எட்டு நாள் சொச்சத்தில் கடக்கும். 14 நாட் வேகத்தில் போகும் டேங்கருக்கு ஏறக்குறைய 12 நாள் ஆகும். இரண்டும் ஒரே நாள் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமானால், டேங்கர் மூன்றரை நாள் முன்பே கிளம்பியிருக்க வேண்டும். அதற்கான உத்தரவு இன்னும் முன்பே போயிருக்க வேண்டும். பல நேரங்களில் அரசியல் முடிவே வந்திருக்காத நாள் அது.

நிலக்கரிக் காலத்தில் இது இன்னும் கொடுமை. 1904 அக்டோபரில் ரஷ்யாவின் பால்டிக் கப்பற்படை அட்மிரல் ரோஷெஸ்ட்வென்ஸ்கியின் தலைமையில் ஜப்பானை நோக்கிக் கிளம்பியது. சுமார் 18,000 மைல் பாதை. வழியில் சொந்தத் தளம் ஒன்றுகூட இல்லை. ஹாம்பர்க்-அமெரிக்கா என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கப்பல்கள் ஆங்காங்கே நிலக்கரியோடு வந்து சந்திக்க வேண்டும். நடுநிலை நாடுகள் தங்கள் துறைமுகங்களில் அனுமதிக்கத் தயங்கின. அடுத்த நிலக்கரி கிடைக்குமா என்ற பயத்தில் தளத்திலும் அறைகளிலும்கூட மூட்டைமூட்டையாகக் குவித்துக்கொண்டார்கள். அந்தக் கனத்தில் கப்பல்கள் ஆழமாக அமிழ்ந்தன. பக்கவாட்டுக் கவசம் தண்ணீருக்குள் போய்விட்டது. மடகாஸ்கரின் நோசி பே அருகே மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றார்கள். அடிப்பகுதியில் பாசி பிடித்து வேகம் குறைந்தது. 1905 மே 27-இல் சுஷிமாவில் அட்மிரல் டோகோ எதிர்கொண்டது இந்தப் படையைத்தான். ஏழு மாதமாக எரிபொருளுக்காகவே வாழ்ந்து களைத்த படை.

எண்ணெய் வந்ததும் ஒரு புதுச் சாத்தியம் வந்தது: ஓடிக்கொண்டே ஊற்றலாம். 1917-இல் அமெரிக்காவின் மௌமி என்ற டேங்கர், அட்லாண்டிக்கைக் கடக்கும் டிஸ்ட்ராயர்களுக்கு நடுக்கடலில் எண்ணெய் கொடுத்தது. அந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவர் இளம் அதிகாரி செஸ்டர் நிமிட்ஸ். பிற்காலத்தில் பசிபிக் கப்பற்படை முழுவதுக்கும் தலைவரானவர்.

இந்த வேலையைப் படமாகப் பார்த்தால் அமைதியாகத் தெரியும். இரண்டு பெரிய கப்பல்கள் ஐம்பது மீட்டர் இடைவெளியில், ஒரே திசையில், ஒரே வேகத்தில். இடையே ஓடும் தண்ணீர் இரண்டையும் ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அரை டிகிரி, ஒரு டிகிரி என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் ஒரு மெல்லிய கயிற்றைச் சுடுவார்கள். அதைப் பிடித்து அடுத்த கயிறு, அதைப் பிடித்து இரும்பு வடம், அதில் தொங்கிக்கொண்டு குழாய் வரும். இடைவெளியைக் காட்ட வண்ணக் கொடிகள் கோர்த்த ஒரு கயிறு இரண்டுக்கும் நடுவில் எப்போதும் இழுத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஏதாவது பிசகினால் நொடிகளில் கழற்றிவிட்டு விலகும் ஒத்திகையும் உண்டு. இப்படி இரண்டு மூன்று மணி நேரம். அந்த நேரம் முழுவதும் இரண்டு கப்பலும் நினைத்தபடி திரும்ப முடியாது. அதனால் எங்கே, எப்போது, எந்தக் காற்றில் சந்திப்பது என்பது போர்த்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும்.

1944 டிசம்பரில் பிலிப்பைன்ஸ் அருகே அட்மிரல் ஹால்சியின் மூன்றாவது கப்பற்படை அப்படி ஒரு சந்திப்புக்கு வந்தது. பல நாள் தாக்குதலுக்குப் பிறகு டிஸ்ட்ராயர்களில் எண்ணெய் வற்றியிருந்தது. டிசம்பர் 17 அன்று கடல் கொந்தளித்தது. குழாய்கள் அறுந்தன. ஸ்பென்ஸ் என்ற டிஸ்ட்ராயர் ஹால்சியின் கொடிக்கப்பலான நியூ ஜெர்சியிலிருந்தே எண்ணெய் வாங்க முயன்றது, முடியவில்லை. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. எண்ணெய் தீர்ந்த தொட்டிகளில் கடல்நீரை நிரப்பினால் கப்பல் அடிக்கனம் பெற்று நிமிர்ந்து நிற்கும். ஆனால் எண்ணெய் வாங்கப்போகும் கப்பல் அந்த நீரை வெளியேற்றிவிட்டுத் தொட்டியைக் காலியாக வைத்திருக்க வேண்டும். எந்த நேரமும் எண்ணெய் கிடைக்கலாம் என்ற நம்பிக்கை ஸ்பென்ஸை லேசாகவே வைத்திருந்தது. மறுநாள் புயலின் நடுவில் ஸ்பென்ஸ், ஹல், மொனகன் என்ற மூன்று டிஸ்ட்ராயர்கள் கவிழ்ந்தன. மொத்தம் ஏறத்தாழ 790 பேர் இறந்தார்கள். எதிரி சுட்ட குண்டு ஒன்றுகூட இதில் இல்லை. இதன் பிறகு, வானிலையைப் பற்றித் தன் கேப்டன்கள் எல்லாருக்கும் நிமிட்ஸ் நீண்ட கடிதம் ஒன்று எழுதினார். 1917-இல் கையால் குழாய் பிடித்துக் கொடுத்த மனிதர் எழுதிய கடிதம் என்பதால் எனக்கு அது தனியாகப் படுகிறது.

இரண்டு படைகள் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சேர வேண்டும் என்று திட்டமிட்டு நடக்காமல் போன பழைய கதைகளில் ஒன்று 1588-ஆம் வருடத்து ஸ்பானிய ஆர்மடா. மெடினா சிடோனியா கப்பல்களோடு வருவார், பார்மா கோமகன் ஃப்ளாண்டர்ஸ் கரையிலிருந்து தரைப்படையோடு தெப்பப் படகுகளில் வந்து சேர்வார், இருவரும் சேர்ந்து இங்கிலாந்துக்குள் போவார்கள். பெரிய கப்பல்கள் நெருங்கும் ஆழம் அந்தக் கரையில் இல்லை. சிறிய படகுகள் தாமாக வெளியே வரலாம் என்றால் டச்சுக்காரர்கள் வாயிலில் நின்றிருந்தார்கள். தூதுவர்கள் கொண்டுபோன கடிதங்கள் நாள்கணக்கில் தாமதமாகச் சேர்ந்தன. கப்பல்கள் கலே அருகே வந்து நங்கூரமிட்டபோதுதான் பார்மாவின் ஆட்கள் ஏறவே இன்னும் சில நாட்கள் ஆகும் என்று தெரிந்தது. காத்திருக்க அங்கே பாதுகாப்பான துறைமுகம் இல்லை. ஆங்கிலேயர் தீக்கப்பல்களை விட்டார்கள், நங்கூரக் கயிறுகளை வெட்டிக்கொண்டு எல்லாம் சிதறின. அதற்கு முந்தைய வருடம் டிரேக், பீப்பாய் செய்வதற்காக உலர்த்தி வைத்திருந்த மரப்பலகைகளைப் பெருமளவில் எரித்திருந்தார். பச்சை மரத்தில் செய்த பீப்பாய்கள் ஒழுகின. தண்ணீரும் உணவும் கெட்டன. பெட்டி சரியில்லாவிட்டால் உள்ளே இருப்பதும் போய்விடும் என்று அந்த மாலுமிகளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

பெட்டி நன்றாக இருந்தும் உள்ளே என்ன என்று தெரியாவிட்டால்? 1990-91 வளைகுடாப் போருக்கு அமெரிக்கா ஏறத்தாழ 40,000 கண்டெய்னர்களை அனுப்பியது. பெட்டி வந்து சேர்ந்தது, உள்ளே இருப்பது என்ன, யாருக்கு என்ற விவரம் சேரவில்லை. பாதிக்கும் மேற்பட்டவற்றைத் திறந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கேட்டது வரவில்லை என்று நினைத்த பிரிவுகள் மறுபடி கேட்டன. அதே பொருள் இரண்டாவது முறை ஏற்றப்பட்டது. நம்பிக்கை போனதும் எல்லாரும் எல்லாவற்றுக்கும் ‘அவசரம்’ என்று முத்திரை குத்தினார்கள். எல்லாமே அவசரமாகிவிட்டால், திட்டம் போடுகிறவர் எதை மேலே வைப்பது? வெலிங்டன் மழையில் கரைந்த காகிதச் சீட்டும் இதுவும் ஒரே குறைதான்.

இவ்வளவும் படித்த பிறகு, ஒரு கப்பற்படை எங்கோ கிளம்பியது என்று செய்தி வந்தால் நான் பார்ப்பது மாறிவிட்டது. விமானம்தாங்கியின் படம்தான் முதலில் வரும். நான் அதன் பின்னால் வரும் எண்ணெய்க் கப்பலையும் சரக்குக் கப்பலையும் தேடுவேன். அவை எந்தத் தேதியில் கிளம்பின, எவ்வளவு அமிழ்ந்து போகின்றன என்று பார்ப்பேன்.

1982 ஏப்ரல் 5 அன்று போர்ட்ஸ்மத் கரையில் கூட்டம் கொடியசைத்தது. இரண்டு விமானம்தாங்கிகள் வெளியேறும் அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. அதற்கு ஏழு நாள் முன்பு, மார்ச் 29-ஆம் தேதி, ஃபாக்லாந்தில் இன்னும் யாரும் தரையிறங்கியிருக்காதபோது, ஃபோர்ட் ஆஸ்டின் என்ற சரக்குக் கப்பல் ஜிப்ரால்டரிலிருந்து தெற்கே கிளம்பியிருந்தது. தென் அட்லாண்டிக்கில் தனியாக இருந்த பிரிட்டனின் எண்டியூரன்ஸ் கப்பலுக்கு உணவும் பொருள்களும் கொண்டுபோவதற்காக.